காலம் எழுதும் விமர்சனம்

நாடகத்தை எழுதுபவர் ஒருவர். அதற்குப் பொருள் தருவது ஒவ்வொரு தலைமுறையும்.

ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' துயரத்தைத் தாங்க மாட்டாத இங்கிலாந்து, 1681இல் நஹும் டேட் மாற்றி எழுதிய சுபமுடிவையே ஏறத்தாழ 150 ஆண்டுகள் மேடையில் விரும்பிப் பார்த்தது. இரு உலகப் போர்களைக் கண்ட நூற்றாண்டோ, அதே மூல நாடகத்தின் இருளில் தன்னையே அடையாளம் கண்டது.

நம் நாடான இலங்கையிலும் பார்வை மாறியது. பாமரர் ஆட்டமென்று படித்தவர் பலர் ஒதுக்கிய தமிழ்க் கூத்தோடு உறவுடைய சிங்கள நாடக மரபில், நாடகாசிரியர் சரத்சந்திர 1956இல் 'மனமே' நாடகத்தைத் தந்தார். தமிழில், 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன், பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' கூத்துகளை மேடையேற்றினார். கூத்துப் பயிற்றும் கிராமத்து அண்ணாவிமாரின் கலைக்கு அறிஞர் அவையில் மதிப்புப் பிறந்தது. அவர்களின் பாட்டும் ஆட்டமும் தலைமுறைகளாக இருந்தவையே. மாறியது பார்த்தவர் மனம்.

ஒரு காலம் கைதட்டியதால் படைப்பு உயர்ந்துவிடுவதில்லை. இன்னொரு காலம் மறந்ததால் தாழ்ந்துவிடுவதுமில்லை. நாடகாசிரியரை நாம் அளக்கும்போது, நம் காலத்தின் அச்சங்களும் ஆசைகளும் சேர்ந்தே அளக்கப்படுகின்றன. ஆகவே பழைய படைப்பாளி ஒருவரைத் தள்ளுமுன் ஒருமுறை படிப்போம். போற்றுமுன் இன்னொருமுறை படிப்போம்.