இடைப்பொருளும் அசலும்

சென்னையில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் புதுப்பிக்க முனைவோர், அதன் 948 சி.சி. எஞ்சினுக்குரிய, பாகங்களுக்கு இடையே வைக்கும் கேஸ்கெட்டும் ஆயில் சீலும் தேடிப் புதுப்பேட்டைக் கடைகளில் அலைந்து, உறை பிரியாத அசல் சரக்கொன்றைக் கண்டெடுக்கும்போது அடையும் ஆனந்தம் பெரும்பாலும் க்ஷணிகமே. உபயோகமே கண்டிராத அந்தத் தக்கைக் கேஸ்கெட், வறண்டு சுருங்கி, சற்றே வளைத்ததும் பொடிந்து உதிர்கிறது. அனுபவமுள்ள மெக்கானிக்கோ, புதிய கேஸ்கெட் தாளை எஞ்சின் பாகத்தின் முகத்தில் விரித்து, விளிம்பைச் சுத்தியலால் மெல்லத் தட்டியே வேண்டிய வடிவத்தை வெட்டியெடுத்துவிடுகிறார். அப்படியாயின், அசல் என்பது திரவியத்தில் இருக்கிறதா, அது ஆற்றும் தர்மத்தில் இருக்கிறதா?

இதையொத்த கேள்வியை எழுப்பிய பௌத்தத் துறவி நாகசேன பிக்ஷு, மிலிந்த மன்னனிடம் அச்சையும் சக்கரத்தையும் தனித்தனியே சுட்டி, இவற்றுள் ரதம் எதுவென வினவினார். கூர்மையான வழிதான், எனினும் நம் ஆலய வழக்கமே இங்கு எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மூலவருக்கும் பீடத்துக்கும் இடையே, கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலிய எட்டையும் சேர்த்து இடித்துச் சாத்தும் அஷ்டபந்தன மருந்து, 12 ஆண்டுகளுக்கொருமுறை களையப்பட்டுப் புதிதாக இடப்படுவது மரபு. அதனால் மூர்த்தி வேறாகிவிட்டதென்று ஒருவரும் சொல்வதில்லை. பழைய மருந்தைக் கட்டிக்காப்பதே பக்தியென வாதிடும் சிவாசாரியரை நான் கண்டதில்லை. அசல் கேஸ்கெட்டுக்காகக் காரை ஆண்டுக்கணக்கில் கட்டைமேல் நிறுத்திவைத்திருக்கும் அன்பர்கள்தாம் உண்டு.