சிப்பந்தியின் உடல்நலமும் ஓர் அமானிதம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

பள்ளிவாசல்களிலும் சங்கக் கட்டடங்களிலும் மருத்துவ முகாம் நடத்துவது நம் சமுதாயத்தில் ஒரு நல்ல வழக்கமாக வேரூன்றிவிட்டது. மேசை போடுகிறோம், தாதியரை அழைக்கிறோம், இரத்த அழுத்தம் பார்க்கிறோம், விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சீனியின் அளவு பார்க்கிறோம். இதற்காக உழைக்கும் தொண்டர்களுக்கு அல்லாஹ் நற்கூலி தருவானாக! ஆயினும் நாம் நம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம். முகாமுக்கு வருகிறவர் யார்? ஓய்வு பெற்ற பெரியவர்கள் வருகிறார்கள். தொழுதுவிட்டு வீடு திரும்புவோர் வருகிறார்கள். நேரம் கைவசமுள்ள முதலாளிமார் வருகிறார்கள். ஆனால் நான்கு கடை தள்ளி அடுப்படியில் நிற்கும் சமையற்காரர் வருகிறாரா? பராட்டாவுக்கு மாவு பிசைகிறவர் வருகிறாரா? மூட்டை இறக்குகிறவரும் துணிக்கடையில் நாளெல்லாம் நின்றபடியே சரக்கு எடுத்துப் போடுகிறவரும் வருகிறார்களா?

அவர்கள் வராததற்குக் காரணம் சோம்பல் அன்று. முதலாளி “போய் வா” என்று சொன்னாலன்றிச் சிப்பந்தி கடையை விட்டு இறங்க முடியாது. ஆகவே நாம் எத்தனை முகாம் நடத்தினாலும், அதன் பலன் உழைப்பாளியைச் சென்று சேர்வது பெட்டியடியில் அமர்ந்திருக்கும் நம் கையில்தான் இருக்கிறது. இன்று நாம் சொல்ல வந்த விஷயம் இதுவே.

மார்க்கம் இதில் என்ன வழி காட்டுகிறது என்று முதலில் பார்ப்போம். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் நடந்த அகழ்ப்போரில் ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்கள் அம்பு பாய்ந்து காயமுற்றார்கள். அவர்களுக்காகப் பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனத்துப் பள்ளிவாசலிலேயே ஒரு கூடாரம் அமைக்கச் செய்தார்கள். அருகிலிருந்து அடிக்கடி நலம் விசாரிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். காயம்பட்டோருக்குச் சிகிச்சை செய்த ருஃபைதா (ரலி) என்னும் அம்மையாரின் கூடாரம் அது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். தொழுகை நடக்கும் இடத்தில் வைத்தியமும் நடந்தது. ஆதலின் பள்ளிவாசலில் முகாம் நடத்துவதைப் புதுமை என்று எவரும் கருத வேண்டியதில்லை.

இன்னொரு நிகழ்ச்சி நமக்கு இன்னும் நெருக்கமானது. பெருமானார் (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்துவந்த ஒரு யூதச் சிறுவன் நோயுற்றான். ஆள் அனுப்பி விசாரித்து வரச் சொல்லவில்லை நம் நாயகம் (ஸல்) அவர்கள். தாமே நேரில் சென்று அவன் தலைமாட்டில் அமர்ந்தார்கள். அவன் வேறு சமயத்துப் பிள்ளை, அவன் வேலைக்காரன், அவன் சிறுவன். இந்த மூன்றில் எதுவும் அவர்களுக்குத் தடையாகவில்லை. நம் கடைகளில் வேலை செய்கிறவர் நம் ஊரார் ஆகட்டும், மாற்று மதத்தவர் ஆகட்டும், அவர் நோயுற்றால் விசாரிக்க வேண்டிய கடமை நமக்கு எங்கிருந்து வருகிறது என்பது இதனால் விளங்கும்.

அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் செய்த உபதேசத்தையும் நினைவுகூர்வோம். பணியாளர் நம் சகோதரர்; நாம் உண்பதை அவருக்கும் கொடுக்க வேண்டும்; தாங்க முடியாத வேலையைச் சுமத்தலாகாது; சுமத்தினால் நாமும் கைகொடுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. கூலியைத் தாமதமின்றிக் கொடுத்துவிட்டோம், அத்துடன் கணக்குத் தீர்ந்தது என்று நம்மில் சிலர் எண்ணுகிறார்கள். கூலி அவர் வேலைக்கு ஈடு. அவர் உடலோ நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

“வருவது வரும், நஸீபை யார் மாற்ற முடியும்?” என்பாரும் உண்டு. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியிருப்பதை வழியில் கேள்விப்பட்ட கலீபா உமர் (ரலி) அவர்கள், தம்முடன் வந்தவர்களை அந்த ஆபத்துக்குள் அழைத்துச் செல்லாமல் மதீனாவுக்குத் திரும்பினார்கள். இறைவன் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டபோது, ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற கருத்தில் விடை பகர்ந்தார்கள். தம்மை நம்பி வந்தவர்களின் உயிரைக் காப்பது தலைவனின் பொறுப்பு. ஒரு கடைக்கு முதலாளியும் அத்தகைய தலைவரே.

நம் சிங்கப்பூரின் வரலாறும் இதையே போதிக்கிறது. காய்கறியும் பழமும் கோழியும் விற்று வாழ்க்கையைத் தொடங்கிய டான் டோக் செங் என்னும் வணிகர், ஏழை நோயாளிகளுக்கென மருத்துவமனை கட்டப் பணம் கொடுத்தார். 1844இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இன்று தேக்காவிலிருந்து சிறிது தொலைவில் அவர் பெயர் தாங்கி நிற்கும் பெரிய மருத்துவமனையின் தொடக்கம் ஒரு வியாபாரியின் பணப்பெட்டியில்தான் இருக்கிறது.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இந்நகரை வாட்டிய நோய் காசம். கடைவீடுகளின் மேல்மாடியில் நெருக்கமாகப் படுத்த கூலியாட்களிடையே அது எளிதில் பரவியது. 1947இல் மருத்துவர்களும் கொடையாளர்களும் கூடிச் சிங்கப்பூர்க் காசநோய் எதிர்ப்புச் சங்கத்தை நிறுவினார்கள். ‘சாட்டா’ என்று மக்கள் அழைத்த அந்தச் சங்கம் இன்றும் பணியாற்றிவருகிறது. காசநோயில் ஓர் உண்மை உண்டு. இருமுகிறவன் வேலை போய்விடுமென்று அஞ்சி மறைத்தால், பக்கத்துப் பாயில் படுத்தவனுக்கும் அது தொற்றும். பயம் நோயை வளர்த்தது. பயமின்றிச் சொல்ல வழி கிடைத்தபோது நோயும் கட்டுக்குள் வந்தது.

நம் முன்னோர்களும் இவ்வூரில் காலூன்றியபோது கடையை மட்டும் கட்டவில்லை. 1826இல் சூலியாப் பள்ளி என்னும் ஜாமிஆ பள்ளிவாசலை நிறுவினார்கள். 1828க்கும் 1830க்கும் இடையில் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவை எழுப்பினார்கள். 1941இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றி, 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியைத் தொடங்கியது. கப்பலில் தனியாக வந்திறங்கியவனுக்கு ஊராரும் ஜமாஅத்தும் தாய் தந்தையாக நின்ற மரபு நம்முடையது. இன்று விமானத்தில் வந்திறங்குகிறவனும் தனியாகத்தான் வருகிறான்.

இன்றைய நோய் இருமலைப் போலச் சத்தம் போடுவதில்லை. நீரிழிவு ஓசையின்றி உள்ளே வேலை செய்கிறது. 2016இல் அரசாங்கம் அதன்மீது போர் தொடுப்பதாகவே அறிவித்தது. 2017ஆம் ஆண்டுத் தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் திரு. லீ சியன் லூங், சிங்கப்பூரர் ஒன்பது பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாகக் கூறினார். 60 வயதைத் தாண்டியோரில் பத்துக்கு மூவர், மலாய்க்காரரில் ஐவர், இந்தியரில் அறுவர் என்றும் எடுத்துரைத்தார். பத்துக்கு ஆறு என்றால், நம் பள்ளியின் முதல் ஸப்பில் நிற்கும் பெரியவர்களை மனத்தில் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுபதில் தெரியும் நோய் முப்பதிலும் நாற்பதிலும் விதைக்கப்படுகிறது. கடைச் சிப்பந்தியின் ஒரு நாளைக் கவனியுங்கள். காலையில் பால் டின் ஊற்றிய தே, பகலில் நேரம் தவறிய சோறு, மாலையில் களைப்புத் தீர மீண்டும் இரண்டு குவளை தே, கடை அடைத்தபின் நள்ளிரவில் பராட்டாவோ பிரியாணியோ, உடனே படுக்கை. இவ்வாறு ஆண்டுக்கணக்கில் நடந்தால் உடல் என்ன செய்யும்? தாகமும் களைப்பும் வேலையால் வந்தவை என்றே அவர் எண்ணிக்கொள்கிறார். காலில் மரத்துப்போன இடத்தில் பட்ட புண் அவருக்கு வலிப்பதில்லை. சிறுநீரகம் செயலிழந்தபின் வாரம் மும்முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம், இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்க வேண்டும். குடும்பத்தை ஊரில் விட்டுவந்த ஒருவருக்கு அதன் பொருள் என்ன என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் முன்கூட்டியே அறியத்தக்கது. ஒரே ஓர் இரத்தப் பரிசோதனை, கடந்த இரண்டு மூன்று மாதங்களில் உடலில் சீனி சராசரியாக எவ்வளவு இருந்தது என்று காட்டிவிடுகிறது. ஆண்டு முடிவில் ஐந்தொகை போட்டுப் பார்க்காத வியாபாரி நம்மில் எவருமில்லை. ஓர் உடலின் ஐந்தொகையைப் பார்க்க ஒரு காலைப்பொழுது போதும்.

பின் ஏன் சிப்பந்தி தயங்குகிறார்? அவர் அச்சத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும். ஊரில் கடன் வாங்கிப் பயணச் செலவும் முகவர் கூலியும் கட்டிவிட்டு வந்தவர் அவர். தங்கையின் நிக்காஹ் காத்திருக்கிறது. நோய் என்று தெரிந்தால் முதலாளி பயணச்சீட்டு எடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று நடுங்குகிறார். ஆகவே மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வாய்மூடி நிற்கிறார். இந்த நடுக்கத்தைப் போக்கும் வார்த்தையை முதலாளி ஒருவரால்தான் சொல்ல முடியும்.

சட்டமும் நம்மீது சில கடமைகளை விதித்திருக்கிறது. வேலை அனுமதிச் சீட்டில் வந்தவரின் மருத்துவச் செலவு முதலாளியைச் சார்ந்தது. மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் ஒருநாள் அறுவை சிகிச்சைக்கும் அவருக்கென எடுக்க வேண்டிய காப்புறுதி, 2023 ஜூலை 1 முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. ஆறு மாதம் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் நோய்விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அதையும் சேர்த்து 60 நாள். இவற்றை நாம் தருமமாகக் கொடுப்பதாக எண்ணிக்கொள்ளலாகாது. அவை அவருடைய ஹக்கு. தருமம் அதற்கு மேல்தான் தொடங்குகிறது.

2020ஆம் ஆண்டை மறக்கலாகாது. கொவிட் நோய் பரவி, அவ்வாண்டு இறுதியில் கணக்கெடுத்தபோது, தங்குவிடுதிகளில் வாழ்ந்த வெளிநாட்டு ஊழியர்களில் நூற்றுக்கு 47 பேரை அது தொட்டிருந்தது. நெருக்கிப் படுக்கவைத்தால் நோயும் நெருங்கிவரும் என்ற பழைய பாடத்தை இந்நகரம் மீண்டும் படித்தது. நம் கடைகளின் மேல்மாடியில் எத்தனை பேர் படுக்கிறார்கள், சன்னல் திறக்கிறதா என்பதை நாமே ஏறிப்போய்ப் பார்ப்பதும் ஓர் இபாதத்தாகும்.

இனி, செய்யத்தக்க சிலவற்றைச் சொல்வோம்.

முதலாவது, ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிப்பந்திக்கும் அரைநாள் விடுப்பு, சம்பளப் பிடித்தமின்றி, பரிசோதனைக்கென்றே கொடுப்போமாக. எல்லாரும் ஒரே நாளில் போக வேண்டியதில்லை. இருவர் இருவராக முறைவைத்து அனுப்பலாம். சங்கங்களும் முகாமை ஞாயிற்றுக்கிழமைப் பகலில் வைக்காமல், தேக்காவில் கூட்டம் குறைந்திருக்கும் வாரநாள் காலையில் வைத்தால் கடைக்காரருக்கும் சிரமமிராது.

இரண்டாவது, பரிசோதனை முடிவு அவருடைய இரகசியம். அதை நாம் கேட்டு வாங்கவும் வேண்டாம். பிறரிடம் பேசவும் வேண்டாம். அவராக வந்து சொன்னால், “வேலைக்கு அஞ்சாதே, வைத்தியம் பார்” என்பதே நம் முதல் வார்த்தையாக இருக்கட்டும்.

மூன்றாவது, கடைச் சாப்பாடு. சிப்பந்திக்கு நேரத்தோடு உணவு, சீனி குறைத்த தே, தட்டில் கொஞ்சம் கீரையும் காயும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. கந்தூரியிலும் கல்யாணத்திலும் இதே கவனம் வந்தால் இன்னும் நன்று.

நான்காவது, நோய் கண்டபின் தொடர்ந்து மருந்து வாங்க உதவி. முகாமில் “உமக்குச் சீனி இருக்கிறது” என்று சொல்லி அனுப்பிவிட்டால் மட்டும் போதாது. அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் மருந்துக்கு வழி வேண்டும். சங்கத்தில் இதற்கென ஒரு ஸதகா நிதி ஏற்பட்டால், முகாமின் பயன் ஒரு நாளோடு முடியாது. ஊர்க்கடனால் நெருக்கப்பட்டவருக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்து, வட்டிக்காரன் வாசலுக்குப் போகாமல் தடுப்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம். கவலையும் ஒரு நோயே.

இந்நகரில் இவ்வழியில் நடப்போர் பலர். ஊழியர்க்குக் குறைந்த செலவில் வைத்தியம் பார்க்கும் ‘ஹெல்த்சர்வ்’ 2006இல் தொடங்கியது. காயம்பட்டோ சம்பளத் தகராறிலோ வேலையின்றி நிற்போருக்கு நம் லிட்டில் இந்தியாவிலேயே இலவச உணவு கொடுக்கும் ஏற்பாட்டை ‘டிடபிள்யூசி2’ என்னும் அமைப்பு 2008இல் ஆரம்பித்தது. பிறர் நம் தெருவுக்கு வந்து நம் மொழி பேசும் மக்களைத் தேடிப் பசியாற்றும்போது, கடை வைத்திருக்கும் நாம் அவர்களுக்கு முன்னே நிற்க வேண்டாமா?

“வாடகை ஏறிவிட்டது, ஆள் கிடைப்பதில்லை, லெவி கட்ட வேண்டும், அரைநாள் ஆளை விட்டால் வியாபாரம் என்னாவது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஜும்ஆ நாளில் பாங்கு ஒலித்ததும் வியாபாரத்தை விட்டுவிட்டு விரைந்து வருமாறு அல்லாஹ் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறான். தொழுகை முடிந்தபின் அவன் அருளைத் தேடிப் பரவிச் செல்லவும் சொல்லியிருக்கிறான். தலைமுறை தலைமுறையாக வெள்ளிக்கிழமை தோறும் அந்த நேரத்தை அவனுக்காக விட்டுவருகிறோம். அதனால் நொடித்துப்போன கடை எது? அவனுக்காக விட்ட நேரத்தில் அவன் பரக்கத்தை வைத்திருக்கிறான். அவன் அடியானின் உயிருக்காக விடும் அரைநாளிலும் அதை வைப்பான் என்று நம்புவோமாக.

நோயாளியை விசாரிக்கச் சென்றிருந்தால் அங்கே என்னைக் கண்டிருப்பாயே என்று மறுமையில் அல்லாஹ் தன் அடியானிடம் கேட்பான் என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் குத்ஸீ உண்டு. அந்த நோயாளி வெகுதூரத்தில் இருப்பவராக இருக்க வேண்டியதில்லை. நம் கடையின் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருக்கலாம்.

எல்லாம் வல்ல நாயன் நம் வியாபாரத்தில் பரக்கத்தையும், நம்மிடம் உழைப்போருக்கு நீடித்த ஆரோக்கியத்தையும், அவர்கள் ஹக்கை நிறைவேற்றும் மனத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.