நின்றாலும் ஓடும் கணக்கு

சில வருடம் வேறு பிழைப்புப் பார்த்துவிட்டு லாரிக்குத் திரும்புகிறவர், இனி அடுத்தவர் வண்டி வேண்டாம், சொந்த வண்டிதான் என்று முடிவெடுப்பது மேற்குச் சென்னையில் புதிதல்ல. திருவேற்காட்டுக்காரருக்கு இடமும் தோதாக இருக்கிறது. வேலப்பன்சாவடியில் ஏறினால் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கும் பெங்களூருக்கும் கொண்டுபோகும். வானகரத்தில் பைபாஸைப் பிடித்தால் 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும், அதைத் தாண்டித் துறைமுகம் வரைக்கும் லோடுதான்.

ஓட்டுவது இதில் பெரிய கவலையே அல்ல. கியர் மாற்றும் கையும் கண்ணாடியில் பின்பக்கத்தை அளக்கும் கண்ணும் சில நாளில் பழைய நிலைக்கு வந்துவிடும். அப்படித் தானாக வராதது உரிமம். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கனரக வாகன உரிமம் 3 ஆண்டுக்குப் பதில் 5 ஆண்டு செல்லும். ஆனால் காலாவதியாகி ஓராண்டு தாண்டிவிட்டால், மறுபடி ஓட்டிக் காட்டித் தேறினால்தான் புதுப்பிப்பார்கள். முன்பு இதற்கு 5 ஆண்டுவரை அவகாசம் இருந்தது. அனுபவசாலி புதுப்பையன்களோடு வரிசையில் நிற்பது கூச்சமாகத்தான் இருக்கும். அந்தக் கூச்சத்துக்கு ஒதுங்கி, செல்லாத உரிமத்தோடு ஓட்டி விபத்தாகிவிட்டால், காப்பீட்டு நிறுவனம் தான் கொடுத்த இழப்பீட்டை வண்டி உரிமையாளரிடம் திருப்பிக் கேட்கலாம். இப்போது உரிமையாளரும் அவரேதான்.

சாலையும் மாறியிருக்கிறது. 2017-இல் ஜிஎஸ்டி வந்ததும் விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் போயின. மறு ஆண்டு சரக்கோடு போக வேண்டிய இ-வே பில் வந்தது. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்குக் கெடு உண்டு. வழியில் கிளட்ச் போய் ஒரு நாள் நின்றால், கெடுவை நீட்டிக்கச் சொல்லி போன் போட வேண்டும். சுங்கச்சாவடியில் 2021 முதல் ஃபாஸ்டேக் கட்டாயம். 2020-க்குப் பிந்தைய பிஎஸ்-6 வண்டி என்றால் டீசலோடு ஆட்புளூவும் ஊற்ற வேண்டும். அது தீர்ந்தால் இன்ஜின் இழுவை குறையும். இதையெல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

வண்டி வாங்குவதில்தான் நிதானம் வேண்டும். புது லாரி கட்டுப்படியாகாதவர்கள் பழைய வண்டியைத்தான் பார்ப்பார்கள். வங்கிகள் இதற்குக் கடன் கொடுக்கத் தயங்கிய காலத்தில், 1979-இல் சென்னையில் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் அதையே தன் தொழிலாக்கியது. ஓட்டுநர்கள் பலர் உரிமையாளர் ஆனது அப்படித்தான். திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் வாசலில் மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போடும் நாளில் எந்த வண்டியும் புதிதாகத்தான் தெரியும். பார்க்க வேண்டியதை அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வருகிறதா? வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. சேஸில் வெல்டிங் வைத்த இடத்தைப் புதுப் பெயின்ட் மூடியிருக்கிறதா? ஆர்சி-யில் பழைய ஃபைனான்ஸ் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா, கட்டாத அபராதம் எவ்வளவு கிடக்கிறது? எட்டு வயது தாண்டிய வண்டிக்குத் தகுதிச் சான்றான எஃப்சி இரண்டாண்டுக்கு ஒருமுறை அல்ல, ஆண்டுதோறும்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும், திரும்பி வருகிறவர் எதிர்பாராத மாற்றம் ஒன்று உண்டு. வண்டி நிற்பதற்கான அர்த்தமே மாறிவிடுகிறது. சம்பளத்துக்கு ஓட்டியபோது தொழிற்சாலை வாசலில் இறக்க ஆள் இல்லாமல் நின்றால் அது தூக்கம், டீ, சீட்டாட்டம். சொந்த வண்டியில் அதே வாசலில் அதே நிழலில் படுத்தாலும் தூக்கம் வராது; வண்டிக் கடனின் டியூ தேதி தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். காத்திருப்புக்கான ஹால்டிங் காசு பேசியிருந்தாலும் கைக்கு வருவது பேசியதைவிடக் குறைவு. பெங்களூருக்குப் போன வண்டிக்கு ரிட்டன் லோடு கிடைக்காவிட்டால், காலியாக வருவதா, புரோக்கர் சொல்லும் அடிமாட்டு வாடகைக்கு ஏற்றுவதா என்று முடிவுசெய்ய வேண்டியவரும் அவர்தான். வாடகை பாக்கி மாதக்கணக்கில் இழுக்கும். டீசலுக்கோ அன்றே பணம் வேண்டும்.

இதன் சுமை கடைசியில் உடம்பின் மேல் வந்து விழுகிறது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. ஆனால் அது ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களுக்காக எழுதப்பட்டது. ஒற்றை வண்டிக்காரர் தன்னிடமே வேலை பார்ப்பவர். கண் சொருகும்போது ஓரம்கட்டச் சொல்ல யாரும் இல்லை. கடுமையான முதலாளி என்று யாரையோ திட்டிவிட்டு வெளியே வந்தவர்கள், தங்களிடம் அதைவிடக் கடுமையாக நடந்துகொள்வது இந்தத் தொழிலில் சாதாரணம். சுதந்திரம் என்று இவர்கள் சொல்வதில் பாதி, மறுக்க முடியாத லோடுகள்தான்.

ஆகவே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, இரண்டு மாதம் வண்டி நின்றால் டியூ எங்கிருந்து கட்டுவது என்பது. அதற்குக் கையிருப்பு இல்லாதவர், ஏதாவது நிறுவனத்தில் மாத ஒப்பந்தத்துக்கு வண்டியை விடலாம். வாடகை குறைவுதான், ஆனால் தேதி தெரியும். வீட்டுக்கு வரும் இரவும் தெரியும். வெளிமார்க்கெட்டில் ஓட்டுகிறவருக்கு நல்ல மாதத்தில் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். எதுவும் உறுதியாகத் தெரியாதவர் வாங்குவதைத் தள்ளிப்போட்டு, சில மாதம் சம்பளத்துக்கே ஓட்டிப் பார்ப்பது உத்தமம். இன்றைய வாடகை, இன்றைய புரோக்கர்கள், காத்திருக்க வைக்கும் வாசல்கள் எல்லாம் அடுத்தவர் டீசலில் தெரிந்துவிடும்.