பாய்பவரின் கடன்

தமிழில் சமணர் எழுதிய அறநூல்களுள் அருங்கலச்செப்பு ஒரு சிறு நூல். பெயரைக்கூடப் பலர் கேட்டிருக்கமாட்டார்கள். சமந்தபத்திரர் வடமொழியில் செய்த இரத்தினகரண்டக சிராவகாசாரத்தைத் தழுவியது அது. உலகத்தார் மயங்கிச் செய்யும் காரியங்கள் என்று மூன்றை அந்த நூல் ஒரே மூச்சில் அடுக்குகிறது: மலையிலிருந்து பாய்வது, தீயில் புகுவது, புண்ணியம் என்று எண்ணி ஆற்றில் ஆடுவது.

மட்டக்களப்பு வாவியோரம் அமிர்தகழியில் வாழ்பவருக்கு இந்தப் பட்டியல் சங்கடமானது. மூன்றில் இரண்டு அங்கே ஆண்டு தவறாமல் நடக்கின்றன. ஆடி அமாவாசையன்று மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தக் குளத்தில், இறந்துபோன தந்தையரை நினைத்து ஆயிரக்கணக்கானோர் மூழ்கி எழுகிறார்கள். அயலிலுள்ள புன்னைச்சோலைக் காளி கோயிலில் தீ மிதிக்கிறார்கள். இல்லாதது மலை மட்டும்தான். வாவியும் கண்டற்காடும் தென்னையுமாகத் தட்டையாகக் கிடக்கிற நிலம் அது.

மலையிலிருந்து பாய்வதை இன்று உலகில் வேறொரு கூட்டம் கையில் எடுத்திருக்கிறது. கட்டடம், அலைபரப்புக் கோபுரம், பாலம், மலைமுகடு ஆகிய நான்கிலிருந்தும் பரசூட்டுடன் குதிப்பவர்கள் அவர்கள். அந்த நான்குக்கும் உரிய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘பேஸ்’ என்று தங்கள் காரியத்துக்குப் பெயரிட்டார்கள். அமெரிக்கத் திரைப்பட ஒளிப்பதிவாளர் கார்ல் போனிஷும் அவர் தோழர்களும் 1981இல் அந்தப் பெயரை நிலைநிறுத்தினார்கள். 1984 ஜூலையில் நோர்வேயின் துரோல்வெக்கன் மலைச்சுவரில் போனிஷ் குதித்து இறந்தார். அவர் மனைவி ஜீன் சில நாட்களுக்குள் அதே மலைக்குச் சென்று தாமும் குதித்தார். நோர்வேயின் ஷெராக் மலையில் 1995 முதல் 2005 வரை நடந்த 20,850 குதிப்புகளை மருத்துவ ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது ஒன்பது பேர் இறந்திருந்தார்கள். ஏறத்தாழ 2,300 குதிப்புக்கு ஒரு சாவு. ஓர் ஆள் பல நூறு முறை குதிப்பதுண்டு என்பதையும் சேர்த்தே இந்தக் கணக்கைப் பார்க்கவேண்டும்.

கேள்வி இதுதான்: யாரும் கேட்காமல், எந்தத் தேவையும் இல்லாமல் ஒருவர் தம் உயிரைப் பணயம் வைக்கலாமா? வைத்தால் அது மடமையா, பாவமா, அவரவர் விருப்பமா?

மலையிலிருந்து பாய்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கைகூடாத காதலில் தலைவன் மடலேறுவேன், வரைபாய்வேன் என்று சூளுரைப்பது அக இலக்கியம் அறிந்த செய்தி. நர்மதையின் நடுவே ஓங்காரேசுவரர் தீவில் காலபைரவரின் அடியார்கள் பாறையிலிருந்து விழுந்து உயிர்விட்டார்கள். 1824இல் ஆங்கிலேயர் ஆட்சி அதை நிறுத்தியது. கேதாரநாத்தின் அருகிலும் பைரவர் பெயரால் அப்படியொரு பாய்ச்சற் பாறை இருந்தது. விழுந்தால் வீடுபேறு என்பது அந்த நம்பிக்கை. சமணர் எதிர்த்தது இதைத்தான்.

ஆனால் சமணர் சாவுக்கு அஞ்சியவர்கள் அல்லர். உண்ணா நோன்பிருந்து உயிர்விடும் சல்லேகனையை அவர்களே உயர்ந்த அறமாக வைத்தார்கள். சமந்தபத்திரரின் அதே நூல் அதற்கு விதிக்கும் நிபந்தனைகளைப் பார்த்தால் அவர்களுடைய மனம் தெரியும். நோன்பைத் தொடங்குமுன் பற்றையும் பகையையும் விடவேண்டும். உறவினரை மன்னிக்கவேண்டும், அவர்களிடம் மன்னிப்பும் கேட்கவேண்டும். வீட்டில் வேலை செய்வோரிடமும் அவ்வாறே. அதாவது கொடுக்கல் வாங்கலை முடித்துவிட்டுப் போ என்கிறது நூல். மலையிலிருந்து பாய்கிறவன் யாரிடமும் எதையும் தீர்க்காமல், ஒரு விநாடியில் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் புண்ணியத்தை மட்டும் அள்ளிக்கொள்ளப் பார்க்கிறான். அங்கேதான் மயக்கம் இருக்கிறது. அபாயத்தின் அளவு இங்கே அளவுகோலே அல்ல.

சைவமும் இந்த இடத்துக்கு வேறு வழியாக வருகிறது. உடம்பை இழுக்கென்று முன்னர் எண்ணியிருந்ததையும், உள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதையும் திருமூலர் திருமந்திரத்தில் சொல்கிறார். சித்தாந்தத்தின்படி உடல், கருவிகள், உலகம், நுகர்ச்சி நான்கும் உயிர் பக்குவப்படுவதற்காக இறைவன் தந்தவை. தரப்பட்ட பொருளை என் இஷ்டம் என்று எறிய முடியாது. உடல் கடனாக வந்தது என்றால், கேட்கவேண்டிய கேள்வி ‘எவ்வளவு ஆபத்து’ என்பதல்ல, ‘யாருக்கு எவ்வளவு கடன்’ என்பதே.

இந்த அளவுகோலோடு பேஸ் குதிப்பவர்களை நெருங்கிப் பார்த்தால், எதிர்பாராத ஒன்று தெரியும். வெளியே இருப்பவர் நினைப்பதுபோல் அவர்கள் உடலை அலட்சியம் செய்பவர்கள் அல்லர். வானூர்தியிலிருந்து குதிப்பவரிடம் இரண்டு பரசூட் இருக்கும். பேஸ் குதிப்பவரிடம் ஒன்றுதான். இரண்டாவதை விரிக்க உயரமும் இல்லை, நேரமும் இல்லை. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தின் பெரைன் பாலம் ஆற்றுக்கு மேலே 148 மீற்றர். பரசூட் விரியாவிட்டால் நீரைத் தொட ஐந்தரை விநாடிதான். ஆகவே கவனம் முழுவதும் குதிப்பதற்கு முந்திய மணித்தியாலங்களிலேயே முடிந்திருக்கவேண்டும். துணியை நிலத்தில் கிடத்தி, உள்ளிருக்கும் காற்றை முழங்காலாலும் கையாலும் அழுத்தி வெளியேற்றி, ஏழு அறைகளின் மடிப்புகளையும் இடமும் வலமும் ஒத்துவரும்படி அடுக்குகிறார்கள். மடிப்பு ஒரு பக்கம் சரிந்தாலும், குதிப்பவரின் தோள் சற்றே சாய்ந்தாலும் பரசூட் திரும்பி விரியக்கூடும். அப்போது பாறையை விட்டு விலகவேண்டியவர் பாறையை நோக்கியே பறப்பார். பின்வார்களை இழுத்துத் திருப்ப ஓரிரு விநாடிக்குமேல் கிடைக்காது. பெரிய துணியை இழுத்து வெளியே எடுக்கும் சிறு குடைக்குப் பைலட் சூட் என்று பெயர். தாழ்ந்த இடமென்றால் அது பெரிதாக இருக்கவேண்டும். நெடுநேரம் விழும் இடமென்றால் சிறிதாக இருக்கவேண்டும்.

மிகத் தாழ்ந்த இடங்களில் அந்தச் சிறு குடையைக் குதிப்பவர் எறிவதே இல்லை. பின்னால் நிற்கும் தோழர் அதன் உச்சியை விரல்களில் பிடித்துக்கொள்கிறார். குதிப்பவரின் எடை நாடாவை இழுக்கிறது; முதுகுப் பையின் ஊசிகள் கழல்கின்றன; துணி வெளியே வருகிறது, கயிறுகள் நீள்கின்றன; அதன் பிறகே தோழரின் விரல்களிலிருந்து குடை பிடுங்கிக்கொண்டு போகிறது. முன்னதாக விட்டாலும் கேடு, இறுக்கிப் பிடித்துக்கொண்டாலும் கேடு. தன் உயிரைத் தானே பணயம் வைப்பதாகச் சொல்லும் ஒருவர், உண்மையில் அதை இன்னொருவரின் விரல்களில் கொடுத்திருக்கிறார்.

அந்தத் தோழமை பாலத்து விளிம்போடு முடிவதுமில்லை. காற்று அடங்கும்வரை காத்திருப்பதே இந்தக் காரியத்தின் பெரும்பகுதி. காத்திருக்கும்போது பேச்சு பரசூட்டில் தொடங்கி எங்கெங்கோ போகும்: அரசியல், சாப்பாடு, கடவுள் உண்டா, செத்தவன் எங்கே போகிறான். திண்ணைப் பேச்சுக்கு எந்த நாட்டிலும் எல்லை இல்லை. இப்படிப்பட்ட பேச்சை வீண்பேச்சென்று ஒதுக்குவது தவறு. கூட இருப்பவனின் மனநிலை இன்றைக்குக் குதிக்கத் தகுந்ததா என்பது அந்தப் பேச்சில்தான் தெரியவரும். சண்டை பிடித்துக்கொண்டு வீட்டைவிட்டு வந்தவனை அவனுடைய குரலே காட்டிக்கொடுக்கும். ‘இன்றைக்கு வேண்டாம், இறங்கிப் போவோம்’ என்று சொல்லத் துணிகிற தோழன், குடையைப் பிடிப்பவனைவிட ஒரு படி மேல்.

குதிப்பவர்களில் சிலர், விழும் அந்தக் கணத்தில் ‘நான்’ மறைந்துபோகிறது, அதுவே தியானம் என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நினைக்கத் தேவையில்லை. ஆனால் அச்சத்தில் ஒடுங்கிய ஆணவம் அழிந்த ஆணவம் அல்ல. நிலத்தில் கால் பட்டதும் அது மறுபடி எழுந்து நிற்கும், சிலவேளை முன்னிலும் பெரிதாக. அந்தக் கணத்தை ஆன்மிகப் பேறாக எண்ணினால், சமணர் சொன்ன அதே மயக்கத்துக்கே மீண்டும் வந்துவிடுகிறோம். மலை ஒருவரை ஞானியாக்காது.

புன்னைச்சோலையில் தீக்குழியைக் கடப்பவர்களிடம் கணக்கு வேறு. மட்டக்களப்புப் பகுதியின் பத்ததிமுறைக் கோயில்களில் தீமிதிப்பவர் ஊரறியக் காப்புக் கட்டுகிறார், விரதம் காக்கிறார், வீட்டு வழக்கங்களை விட்டுக் கோயிலோடு கிடக்கிறார். அது நேர்த்திக்கடன். பிள்ளை சுகமானதற்கு, வெளிநாடு போனவன் உயிரோடு சேர்ந்ததற்கு, ஏற்கெனவே பெற்ற அருளுக்குத் திருப்பிச் செலுத்துவது. புண்ணியத்தை விலைக்கு வாங்கும் காரியமாக அதைப் பார்த்தால் பாதியைத்தான் பார்க்கிறோம். விறகு எரிந்து தணலான பிறகு, நீண்ட தடிகளால் அதைக் கிளறிச் சமப்படுத்துகிறவர்களை யாரும் படம் எடுப்பதில்லை. முகம் வெந்துபோகும் சூட்டில் நின்று, எரிந்து தீராத கட்டையை இழுத்து எறிந்து, மேடு பள்ளம் இல்லாமல் பரப்புவது அவர்கள் வேலை. மிதிக்கிறவரின் பாதம் அவர்களுடைய கையில் இருக்கிறது.

போர் நடந்த 1990களில் இந்தக் கோயில்களுக்கு வேறொரு பாரம் வந்து சேர்ந்தது. 1990 செப்டம்பரில் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள், திரும்பி வரவில்லை. எங்கே கேட்பதென்று தெரியாத தாய்மார், தெய்வமாடுவோரிடம் வந்து கட்டு, அதாவது குறி, கேட்டார்கள். அமெரிக்க மானிடவியலாளர் பட்ரீசியா லோரன்ஸ் அந்த ஆண்டுகளில் மட்டக்களப்பில் இருந்து இதைப் பதிவு செய்தார். சொல்லமுடியாத துயரத்தை ஊர் நடுவில், எல்லார் கண்முன்னும், உடலில் ஏற்றுக்கொள்ளத் தீமிதிப்பும் அலகும் இடம் கொடுத்தன. அருங்கலச்செப்பின் ஆசிரியர் இந்தத் தாய்மாரைக் கண்டிருந்தால் தம் பட்டியலில் தீயை அப்படியே விட்டிருப்பாரா என்பது நியாயமான ஐயம்.

தீயிலும் குற்றம் நுழையும் இடம் உண்டு. சில கோயில்களில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தணலில் இறங்குகிறார்கள். நேர்ந்தவர் தகப்பன், குழந்தை எதையும் நேரவில்லை. பேஸ் உலகத்தில் இதற்கு ஒரு நேர் உதாரணம் இருக்கிறது. புகழ்பெற்ற பாறையேறி டீன் பொற்றர் தம் நாய் விஸ்பரை முதுகில் கட்டிக்கொண்டு குதித்தார். 2014இல் அது படமாகவும் வந்தது. மறு ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் யோசமிட்டி தேசியப் பூங்காவில் குதித்து அவரும் தோழர் கிரகாம் ஹன்ற்றும் இறந்தபோது நாய் கூட இல்லை. இருந்திருந்தால், அதன் சாவுக்கு எந்த அன்பும் சமாதானம் ஆகியிருக்காது.

கடனை அறிந்து நடந்த குதிப்பவர்களும் உண்டு. சுவிற்சர்லாந்தின் லவுற்றர்புருன்னன் பள்ளத்தாக்கில் அவர்கள் இறங்குவது மாட்டுக்கு வைத்திருக்கும் புல்வெளியில். மிதிபட்ட புல்லால் கமக்காரருக்கு நட்டம். ஆகவே குதிப்பவர்கள் காசு கொடுத்து அனுமதி அட்டை வாங்குகிறார்கள். அந்தப் பணம் கமக்காரருக்குப் போகிறது. ஹெலிகொப்ரர் பாதையில் குறுக்கிடாதிருக்க, பாயுமுன் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம் துரோல்வெக்கன். அங்கே 1986 முதல் குதிக்கத் தடை. மலைச்சுவரில் சிக்கியவரை மீட்கப் போகிறவரின் உயிர் ஆபத்துக்குள்ளாவதே காரணம். யோசமிட்டியிலும் குதிக்கத் தடை உண்டு. 1999 ஒக்டோபரில் அதை எதிர்த்துக் குதித்த ஜான் டேவிஸ், பிடிபட்டால் பறிமுதலாகும் என்பதால் தமது கருவியை விட்டுவிட்டு இரவல் கருவியோடு பாய்ந்தார். பரசூட் விரியவில்லை, கூடியிருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே இறந்தார்.

இலங்கையிலும் இந்தக் கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியாக நிற்கப்போவதில்லை. 2022இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட கொழும்புத் தாமரைக் கோபுரத்திலிருந்து வெளிநாட்டு பேஸ் வீரர்கள் குதித்திருக்கிறார்கள். கோபுரத்தின் கீழே ஆம்புலன்ஸ் நிற்கும், மைதானம் இருக்கும். ஹோர்ட்டன் சமவெளியின் ‘உலக முடிவு’ என்ற மலைவிளிம்பு அப்படியல்ல. ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்து. கீழே காடும் தேயிலைத் தோட்டங்களும். 2015இல் அங்கே தவறி விழுந்து மரத்தில் சிக்கிய வெளிநாட்டுப் பயணி ஒருவரை இராணுவத்தினர் இறங்கிச் சென்று மீட்டுத் தோளில் சுமந்து வந்தார்கள். நாளை ஒருவர் அந்த விளிம்பிலிருந்து பாயவேண்டும் என்று வந்தால், பரசூட்டை யார் மடித்தார் என்று கேட்பதோடு நின்றுவிடக்கூடாது. கீழேயுள்ள தோட்டத்து ஆட்களிடம் அவர் முதலில் பேசினாரா, கயிறு கட்டி இறங்கவேண்டி வருகிற சிப்பாயின் வீட்டாருக்கு அவர் என்ன பதில் வைத்திருக்கிறார் என்பதையும் அந்த விளிம்பில் வைத்தே கேட்டாகவேண்டும்.