மின்வாளும் ஓரறிவுயிரும்

மரத்தை அறுப்பது உயிர்க்கொலையாகுமா என்பது இந்தியச் சமயங்கள் நெடுங்காலமாக வாதிட்டுவரும் கேள்வி. அதனை எண்ணிப்பார்க்கத் தங்கச் சுரங்கங்கள் அமைந்த கோலார் தங்கவயல் மிகப் பொருத்தமான களமாகும்: மின்சாரமும் மரமும் பௌத்தமும் அங்கு ஒன்றுகூடின. சிவசமுத்திரத்துக் காவிரி அருவியில் உற்பத்தியான மின்சாரம் 1902-இல் ஏறத்தாழ 90 மைல் கம்பிவழி அங்கு வந்து சேர்ந்தது. சுரங்கங்களுக்குள் பாறை சரியாதபடி மரமுட்டுகள் தாங்கின. அவற்றின் கீழ் உழைத்த தமிழர்களிடையே, அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் தங்கவயலின் மாரிகுப்பத்தில் கிளை கண்டது.

தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வு மட்டுமே உடைய ஓரறிவுயிர் என வகுக்கிறது. சமணமும் அவ்வாறே கொண்டு, காடழிக்கும் தொழிலை இல்லறத்தார்க்கும் விலக்குகிறது. பௌத்தத்தின் நிலை சற்று நுட்பமானது. துறவியர் ஒழுக்கநூலான விநயபிடகத்தில், மரம் வெட்டப் புகுந்த பிக்கு ஒருவர், அதில் உறைந்த தேவதை தடுத்தும் கேளாமல் வெட்ட, அத்தேவதையின் குழந்தையின் கையில் கோடரி பட்டதாக ஒரு நிகழ்ச்சி வருகிறது. அதையடுத்தே பிக்குகள் தாவரங்களைச் சிதைக்கலாகாது என்னும் விதி பிறந்தது. இல்லறத்தார்க்கு அவ்விதி இல்லை எனினும், சேதனை, அதாவது செயலுக்குப் பின்னுள்ள எண்ணமே, வினையாகும் என்னும் கோட்பாடு அவர்களுக்கும் உரியது.

மரத்தை அறுப்பவரின் அந்த எண்ணத்தை அளந்து பார்க்க, இன்றைய மின்சங்கிலி வாள் உதவுகிறது. அடிமரத்தின்மேல் வழிகாட்டிச் சட்டம் அமைத்து, மோட்டாரால் ஓடும் சங்கிலியை நீளவாக்கில் செலுத்திப் பலகை எடுப்பது இதன் முறை. நார்ப்போக்கில் அறுப்பது குறுக்கே வெட்டுவதைவிடக் கடினமாதலால், பொதுவாக 30 பாகை சாய்வில் தீட்டப்படும் பற்கள் இதற்கென 10 பாகை அளவுக்குக் குறைத்துத் தீட்டப்படுகின்றன. மின்மோட்டார் குறைந்த வேகத்திலும் முழு முறுக்குவிசை தரும், புகை விடாது. ஆனால் நீண்ட மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் விழுந்தாலும், இடைவிடாமல் அறுத்தாலும் சூடேறிவிடும். இதனினும் முக்கியமானது வாள்தடம், அதாவது பல் சென்ற வழியில் தூளாகிப்போகும் மரத்தின் அகலம். சங்கிலி வாளில் அது சுமார் 8 மில்லிமீட்டர்; பட்டை வாளில் சுமார் 2. எனவே 25 மில்லிமீட்டர்ப் பலகைகளாக அறுக்கும்போது, முன்னதில் மரத்தின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தூளாகிறது. பின்னதில் பதினான்கில் ஒரு பங்கே. வீழ்த்திய உயிரில் எவ்வளவு வீணாகலாம் என்பதை, வாளைத் தேர்ந்தெடுப்பவரே முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிறார்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று சமணம் வினையை மூன்றாகப் பிரிப்பது இங்குப் பெரிதும் துணைபுரிகிறது. விசையை அழுத்தும் தொழிலாளி செய்பவர், பொறியையும் பலகையின் கனத்தையும் முடிவுசெய்பவர் செய்விப்பவர், பயன்கொள்வோர் உடன்படுவோர். ஆயினும் தங்கவயலில் இப்பகுப்பை இயந்திரத்தனமாகப் பொருத்துவது அநீதியாகும். சுரங்கத்தில் பாறை வெடிப்பு நிகழக்கூடுமென அறிந்தே இறங்கியவருக்கு முட்டு உயிர்க்காப்பு. அதன் பயனை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. ஜான் டெய்லர் அன்ட் சன்ஸ் நிறுவனத்தின் மேலாண்மையில் லண்டனிலிருந்து நடந்த கம்பெனிகளின் பங்குதாரர்களுக்கோ அம்மரம் தங்கம் எடுக்கும் செலவுக் கணக்கில் ஒரு வரி. மரத்துக்கு இழைத்த வினையின் பெரும்பங்கு பின்னவரையே சேரும். பிற்காலத்தில் கருங்கல் அடுக்குகளும் கான்கிரீட்டும் முட்டுகளின் இடத்தைப் பிடித்தபோதும், எதன் கீழ் நின்று உழைப்பது என்னும் முடிவு தொழிலாளியின் கைக்கு வரவில்லை.