செய்தித்தாள் உழைப்பும் நடுவுநிலைமை அறமும்

சென்னையிலிருந்து விஜயவாடா செல்லும் நெடுஞ்சாலை தமிழக எல்லையைக் கடந்ததும் எதிர்ப்படும் ஊர் தடா. 2022 முதல் அது திருப்பதி மாவட்டத்தைச் சார்ந்துள்ளது. இவ்வெல்லையைக் கடத்தல் செய்தித்தாளுக்கு எளிது. அதில் உழைத்தோர்க்கு அரிது. 1959ஆம் ஆண்டு நிகழ்வு இதனைப் புலப்படுத்தும்.

1938இல் சென்னையில் தோன்றிய 'ஆந்திரப் பிரபா' நாளிதழை எக்ஸ்பிரஸ் நிறுவனம் விஜயவாடாவிற்கு மாற்ற முற்பட்டது. தொழிலாளரும் பத்திரிகையாளரும் 1959 ஏப்ரல் 27 முதல் வேலைநிறுத்தம் செய்தனர். நிறுவனம் தன் சென்னைப் பணியை மூடியதாகக் கூறிற்று. அது மெய்யான மூடலா, மூடல் என்னும் பெயர் பூண்ட கதவடைப்பா என்பதைத் தொழில் தீர்ப்பாயம் ஆராயலாம் என உச்ச நீதிமன்றம் 1962இல் கூறியது.

சட்டத்தின் வினா அவ்வளவில் அமைகிறது. அறத்தின் வினாவோ அதற்கு அப்பாற்பட்டது: பிறரிடம் விளக்கம் கேட்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம், தன்னிடம் உழைப்போர்க்கு விளக்கம் தரக் கடமைப்பட்டதன்றோ?

சங்கம் சேரும் பத்திரிகையாளர் நடுவுநிலைமை இழப்பர் என்பாருளர். நடுவுநிலைமை என்பது பிறர் வழக்கைச் சீர்தூக்கும் பண்பு. தன் வாழ்வுரிமையைத் துறத்தல் அன்று. 'தேசபக்தன்' ஆசிரியராயிருந்த திரு.வி.க. 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் முன்னின்றமை ஈண்டு நினைக்கத்தக்கது. வேலை பறிபோகும் என்னும் அச்சமே பேனாவைச் சாய்க்கும். ஆட்குறைப்பால் மூவர் பணியை ஒருவர் சுமக்குமிடத்து, செய்தியைச் சரிபார்க்கும் பொழுதே முதலில் குறைகிறது. அவ்விழப்பு வாசகரையும் சாரும்.

உரிமையாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. நிறுவனங்களின் கொடுக்கும் திறனைக் கருதவில்லை என்பதால், ஊதியக் குழுவின் முடிவை உச்ச நீதிமன்றம் 1958இல் செல்லாதாக்கியது. ஆயினும், ஊதியச் சட்டம் பத்திரிகைச் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்னும் வாதத்தை அத்தீர்ப்பே ஏற்கவில்லை. இயலாமை உண்மையாயின் அது கணக்காக வெளிப்படல் வேண்டும். அரசின் வரவுசெலவை ஆராயும் இதழ், தன் கணக்கை உழைப்பாளர்முன் மறைப்பது முறையாகாது. அக்கணக்கைத் தனியொருவர் கேட்பின் வேலை போகும். பலர் கூடிக் கேட்பின் அது உரையாடலாகும். சங்கத்தின் அறத்தேவை இதுவே.

உழைக்கும் பத்திரிகையாளர்க்கெனத் தனியே அமைந்த 1955ஆம் ஆண்டுச் சட்டம், 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பினுள் அடக்கப்பட்டது. சட்டத்தின் வடிவம் மாறலாம். கேட்கும் உரிமையும் விடைதரும் கடமையும் மாறா. அச்சகம் எல்லை கடந்து செல்லலாம். கடமை அதனுடனேயே செல்லும் என்பது இதனாற் பெறப்படும்.