யாருடைய நேரம்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஈப்போவில் 5 கிலோமீட்டர் சாலை ஓட்டத்தை முடித்துவிட்டு, புந்தோங்கில் ஒரு ரொட்டி சானாய் கடையில் ஒன்பது பேர் மேசையை ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு எங்கள் ஓட்டக் குழுவின் ஹீரோ ஆறாம் படிவம் படிக்கும் ஒரு தம்பி. ரொம்ப நாளாக 26 நிமிடத்திலேயே நின்றுகொண்டிருந்தவன் அன்று 24 நிமிடம் 52 வினாடியில் வந்துவிட்டான். நாங்கள் மூன்று பேர் அவனுக்கு பேஸராக ஓடினோம். பக்கத்திலேயே ஓடி, வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுபோகிறவர்தான் பேஸர்.

தே தாரிக் வந்தது. ஒரு நண்பர் சும்மா கிண்டலாகச் சொன்னார்: "டேய், அது ஒன் டைம் இல்லடா. அண்ணன்மாரோட டைம்." எல்லாரும் சிரித்தோம், அவனும் சிரித்தான். ஆனால் மோட்டாரில் வீட்டுக்கு இறக்கிவிடப் போகும்போது பின்னாலிருந்து கேட்டான்: "அண்ணே, அவரு சொன்னது உண்மையா? நீங்க இல்லன்னா எனக்கு அந்த டைம் வந்திருக்காதுல்ல?"

நான் பதில் சொல்லவில்லை. ஹெல்மெட்டில் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

முதலில் அவன் கேள்வி. 25 நிமிடத்துக்குள் வரவேண்டுமென்றால் ஒவ்வொரு கிலோமீட்டரையும் ஐந்து நிமிடத்துக்குள் ஓட வேண்டும். சொல்ல ஈஸி. ஆனால் ஓட்டம் தொடங்கும் இடத்தில் பாட்டும் கூட்டமும் சேர்ந்து ஆளைத் தூக்கிவிடும். முதல் கிலோமீட்டர் நாலரை நிமிடத்தில் பறந்துவிடும், நாலாவது கிலோமீட்டரில் அதற்கு வட்டியும் முதலும் கட்ட வேண்டிவரும். பேஸர் தடுப்பது இதைத்தான். இந்த வேகத்தில் நம் முன்னால் ஒருவர் காற்றை மறைப்பதால் பெரிய லாபம் கிடையாது. வாட்ச்சைப் பார், கணக்குப் போடு, பயப்படு என்கிற வேலையை அவர் எடுத்துக்கொள்கிறார். நுரையீரலும் காலும் யாருடையவை? அவனுடையவைதான். மூன்றரை கிலோமீட்டரில் "போதும்டா"ன்னு உடம்பு சொன்னபோது கேட்காமல் ஓடியதும் அவன்தான்.

இந்தச் சண்டை புதுசு இல்லை. ரோஜர் பேனிஸ்டர் 1954 மே 6-ஆம் தேதி ஆக்ஸ்ஃபர்டில் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 வினாடியில் ஓடியது எல்லாருக்கும் தெரியும். நாலு நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர். முதல் இரண்டு சுற்றும் கிறிஸ் பிராஷர் முன்னால் ஓடினார், பிறகு கிறிஸ் சாட்டவே. ஆனால் அதற்கு முந்தைய வருஷக் கதை பலருக்குத் தெரியாது. 1953 ஜூனில் இதே பேனிஸ்டர் 4 நிமிடம் 2 வினாடியில் ஓடினார். அன்றைக்கு இதே பிராஷர் வேண்டுமென்றே மெதுவாக ஓடி ஒரு சுற்று பின்தங்கி, பேனிஸ்டர் தன்னைப் பிடித்தவுடன் கூட ஓடி உற்சாகப்படுத்தினார். பிரிட்டிஷ் தடகள அமைப்பு அந்த நேரத்தைச் சாதனையாக ஏற்க மறுத்துவிட்டது. அதே இரண்டு பேர்தான். ஒன்றை ஏற்றார்கள், ஒன்றை ஏற்கவில்லை. ஏனென்றால் 1954-ல் பிராஷரும் எல்லாரையும்போல உண்மையாகவே அந்தப் பந்தயத்தை ஓடினார். 1953-ல் அவர் பந்தயம் ஓடவில்லை, நடித்தார்.

எலியுட் கிப்சோகே 2019-ல் வியன்னாவில் மாரத்தானை 1 மணி 59 நிமிடம் 40 வினாடியில் முடித்ததும் உலக சாதனைப் பட்டியலில் இல்லை. 41 பேஸர்கள் மாறி மாறி உள்ளே வந்து போனார்கள், அது பொதுப் பந்தயமும் இல்லை. கிப்சோகே அதை ஒளிக்கவும் இல்லை. அதனால் அவரைப் பொய்யர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆகவே பொய் எங்கே வருகிறது என்றால், ஒளிவில் வருகிறது. ஒருவன் நம்பரை இன்னொருவன் நெஞ்சில் குத்திக்கொண்டு ஓடி, வீட்டிலிருந்தவன் பெயரில் டைம் வாங்குவது பொய். நம்ம ஆட்கள் சிலர் அதைப் பெருமையாக வேறு சொல்கிறார்கள். எங்கள் தம்பி விஷயத்தில் நாங்கள் மூவரும் காசு கட்டிப் பெயர் பதிந்து, எல்லார் கண் முன்னாலும் ஓடினோம். அந்த 24:52 அவனுடையது. எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் என் மேல்தான்.

ஆறு மாதத்துக்கு முன் வேறொரு 5 கிலோமீட்டரிலும் அவனுக்கு நான்தான் பேஸர், தனியாக. ஒரு கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 6 வினாடி என்று பேசி வைத்திருந்தோம். முதல் கிலோமீட்டரை 4:38-ல் கொண்டுபோனேன். "அண்ணே, கொஞ்சம் ஸ்பீடு"ன்னான். "பரவால்லடா, வா"ன்னேன். மூன்றாவது கிலோமீட்டரில் திரும்பிப் பார்த்தால் அவன் இல்லை. நின்றிருக்கலாம். நிற்கவில்லை. என் வாட்ச்சில் நல்ல டைம் வந்துகொண்டிருந்தது. 22:51-ல் முடித்தேன், என் வாழ்நாளின் சிறந்த நேரம். அவன் 27:40-ல் முகம் வெளுத்து வந்து சேர்ந்தான். நான் பதக்கத்தோடு போட்டோ போட்டேன். மற்றவர்கள் கேட்டபோது அவன் "வயிறு சரியில்லண்ணே"ன்னு சொல்லி என்னைக் காப்பாற்றினான்.

உதவப் போகிறேன் என்று போய், என் ஓட்டத்தை ஓடிவிட்டு வந்தேன். அன்றைக்கு நானும் நடித்தவன்தான். மோட்டாரில் அவன் கேட்டபோது தொண்டை அடைத்தது இதனால்தான்.

தைப்பூசத்தன்று புந்தோங் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து கல்லுமலைக்குப் போகும் காவடிகளோடு நடந்திருக்கிறீர்களா? காவடிக்காரரோடு எப்போதும் நாலைந்து பேர் போவார்கள். ஒருவர் கையில் ஸ்டூல், ஒருவர் கையில் தண்ணீர், ஒருவர் "வேல் வேல்" சொல்லிக்கொண்டே. அவர் நின்றால் நிற்பார்கள், ஆடினால் வழிவிடுவார்கள். கூட வந்தவன் வேகமாக நடக்கத் தெரிந்தவன் என்பதற்காக யாரும் முன்னால் போய் மலைக்கோயிலில் காத்திருப்பதில்லை. கோயிலில் போய் "இது ஒன் நேர்த்திக்கடன் இல்ல, ஸ்டூல் தூக்கினவனோடது"ன்னு எவரும் சொல்வதுமில்லை. சின்ன வயசில் மாமாவுக்கு ஸ்டூல் தூக்கிப் போயிருக்கிறேன். வழி முழுக்க அவர் பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன். அந்தப் பழக்கம் பந்தயத்தன்று எங்கே போனது?

மகாபாரதத்தில் இரண்டு சாரதிகள் இருக்கிறார்கள். கண்ணனை எல்லாரும் பேசுவோம். ஆயுதம் எடுக்கமாட்டேன் என்று சொல்லித் தேரோட்ட வந்தவன். ஜயத்ரதனைத் தேடிப் போகிற நாளில், போருக்கு நடுவே குதிரைகளை அவிழ்த்து, உடம்பில் தைத்த அம்புகளைப் பிடுங்கி, தேய்த்துவிட்டுத் தண்ணீர் காட்டுகிறான். அர்ஜுனன் வெல்லும்போது அம்பு யாருடையது என்று அவன் கணக்குக் கேட்கவில்லை. இன்னொரு சாரதி சல்லியன், கர்ணனுக்குத் தேரோட்டியவன். தேரோட்டுவதில் அவனுக்கும் குறை கிடையாது. ஆனால் கர்ணனின் மனத்தெம்பைக் குறைப்பதாக தருமனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு ஏறியவன், வழியெல்லாம் அவனை மட்டம் தட்டிக்கொண்டே ஓட்டினான். திறமை இருவருக்கும் உண்டு. யாருக்காகக் கடிவாளம் பிடித்திருக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். நான் கர்ணனை மட்டம் தட்டவில்லை, சரி. ஆனால் தேரை விட்டு இறங்கி ஓடிப் போய்விட்டேனே!

"அப்படின்னா பேஸருக்குச் சந்தோஷமே கூடாதா"ன்னு நீங்கள் கேட்கலாம். கூடும். அந்த 24:52 வந்தபோது நான் கத்திய கத்தலில் பக்கத்தில் நின்ற மலாய்க்கார அங்கிள் காதைப் பொத்திக்கொண்டார். என் சொந்த 22:51-க்கு அப்படி நான் கத்தவில்லை.

இரண்டு நாள் கழித்து தம்பியைப் போலோ கிரவுண்டில் பார்த்தபோது பதில் சொன்னேன். டைம் உன்னுதுதான், போன தடவை 27:40-ல தப்பு என்னுது, நான் நின்னிருக்கணும்னேன். "தெரியும்ணே"ன்னான். அவ்வளவுதான்.

அடுத்த ஓட்டத்தில் அவன் தன் அக்காவுக்கு பேஸர். அக்காவின் இலக்கு 35 நிமிடம், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம். "அவ்ளோ மெதுவா ஓட வரமாட்டேங்குதுண்ணே, காலெல்லாம் புடிச்சுக்குது"ன்னு புலம்புகிறான். இந்த வாரம் மூன்று சாயங்காலம் தனியாக வந்து, ஏழு நிமிடத்தில் ஓடிப் பழகிக்கொண்டிருக்கிறான்.